உரிய வழியாக ஒரு கடிதம்

யாராவது "சத்தியமா" என்று பேச்சைத் தொடங்கினால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். பிறவிக்குணம் என்று வீட்டில் சொல்வார்கள். தொழிலால் வந்தது என்று நான் சொல்வேன். என் நோயாளிகள் வாய் பேசாதவர்கள். அவர்களுக்காகப் பேசுகிறவர்களோ பாதியைத்தான் சொல்வார்கள். நேற்று சாயங்காலத்திலிருந்து தீனி எடுக்கவில்லை என்றால் மூன்று நாளாக எடுக்கவில்லை என்று அர்த்தம். கைமருந்து எதுவும் கொடுக்கவில்லை என்றால், எல்லாவற்றையும் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் வந்திருக்கிறார்கள். ஜவ்வாது மலைக்குக் கால்நடை மருத்துவராக மாற்றலாகி வந்த ஏழு வருடத்தில் இது எனக்கு ஒருமுறைகூடத் தப்பியதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

மலையில் என்னை மாட்டு டாக்டரம்மா என்பார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருப்பவர் மனுச டாக்டரு. இரண்டு கட்டடத்துக்கும் நடுவே என் இடுப்பு உயரத்துக்கு ஒரு சுற்றுச்சுவர். அந்தப் பக்கம் தாளித்தால் இந்தப் பக்கம் தும்மல் வரும். தண்ணீர்த் தொட்டிகூட இருவருக்கும் ஒன்றுதான். என் மேஜையிலிருந்து அவர் மேஜைக்கு வெளி கேட் வழியாகச் சுற்றிப் போனால் அறுபது காலடி. அதை நான் எண்ணியது எல்லாம் முடிந்த பிறகு.

அந்த அறுபது காலடியை நான் நடப்பதில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. மலைக்கு வந்த புதிதில் வெறிநாய் ஒன்று நாலைந்து பேரைக் கடித்துவிட்டது. அடித்துக் கொன்ற நாயைப் பார்த்ததுமே வெறிதான் என்று எனக்குத் தோன்றியதை அப்போதிருந்த மனுச டாக்டரிடம் சுவர் மேல் கை ஊன்றியபடி சொன்னேன். அவர் நல்லவிதமாகத்தான் நினைத்திருப்பார், தன் அறிக்கையில் "கால்நடைத் துறை அளித்த தகவலின்படி" என்று எழுதிவிட்டார். பத்தே நாளில் எனக்கு மெமோ வந்தது. மேலதிகாரியின் அனுமதியின்றி, உரிய வழியாக அல்லாமல், பிற துறைக்குத் தகவல் அளித்தது ஏன்? விளக்கம் எழுதி எழுதி என் விரல் தேய்ந்தது. அந்த டாக்டர் மாற்றலாகிப் போனார். அவர் நாற்காலியில் பயந்த சுபாவமுள்ள ஓர் இளைஞர் வந்து உட்கார்ந்தார். அவர்மீது எனக்கு எந்தப் புகாரும் இல்லை. ஆனால் நாற்காலி அதேதான் என்பதால் சந்தேகத்தையும் நான் மாற்றிக்கொள்ளவில்லை.

நான் சொல்லவந்தது நடந்த வருடம் கோட்ட அளவில் ஒரு புது அதிகாரி வந்தார். நாற்பது வயதிருக்கும் பெண்மணி. மனிதருக்கு வரும் நோய், மாட்டுக்கு வரும் நோய், காட்டுக்கும் தண்ணீருக்கும் வரும் கேடு மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. சேர்த்துவைக்கிற பொறுப்பு அவருடையது. முதல் கூட்டத்துக்கு டாக்டர், நான், வனச்சரகர் மூவரையும் அழைத்தார். கோப்பு எதுவும் வேண்டாம், வெறுங்கையோடு வாருங்கள் என்று சொல்லியனுப்பினார். அதுவே எனக்கு உறுத்தியது. கோப்பில்லாமல் கூப்பிடுகிற அதிகாரியை நான் அதுவரை பார்த்ததில்லை.

டீ வந்தது. போன மாதம் என்ன சாதித்தோம் என்று அவர் கேட்கவில்லை. இந்த மாதம் எதை நினைத்தால் உங்களுக்குப் பயமாக இருக்கிறது என்று கேட்டார். நாங்கள் மூவரும் மூன்று துறையைச் சேர்ந்தவர்கள், ஒருவரையொருவர் நிமிர்ந்துகூடப் பார்க்காதவர்கள். ஆனால் பேசிவைத்ததுபோல ஒரே பதிலைச் சொன்னோம். எல்லாம் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அவர் சிரித்தார். பயத்தைச் சேகரிக்கிறவர் அதை எதற்குப் பயன்படுத்துவார் என்று எனக்குத் தெரியாதா? மாற்றல் உத்தரவுக்கு அதைவிட நல்ல விதை கிடையாது. நால்வருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினார். எந்தச் சின்னச் சந்தேகமாக இருந்தாலும் அதில் போடுங்கள், தப்பாகப் போனால் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். நான் அன்றைக்கே அதன் ஒலியை அடைத்துவைத்தேன். காலை வணக்கம் போட்டுக் கழுத்தை அறுப்பார் என்று எதிர்பார்த்தேன், அதுகூட அவர் போடவில்லை. அதுவும் எனக்கு நம்பிக்கை தரவில்லை.

வைகாசியில் முதல் மழை பெய்தது. சாமைக் கொல்லை உழ ஆரம்பித்திருந்தார்கள். ஒரு திங்கட்கிழமை காலையில், ஓடையை ஒட்டிய ஒரு சிற்றூரிலிருந்து ஒருவர் வந்து ஆடு ஒன்று படுத்துக்கிடக்கிறது என்றார். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மேடும் பள்ளமுமாக நான் போய்ச் சேர்வதற்குள் ஆடு இல்லை. செத்துவிட்டது, புதைத்துவிட்டோம், சத்தியமாகப் புதைத்துவிட்டோம் என்றார்கள். எந்த இடத்தில் என்று கேட்டேன். ஆளுக்கொரு திசையைக் காட்டினார்கள்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். திடீரென்று ஓர் ஆடு விழுந்தால் அதை வீணாக்குவதில்லை. இருபத்துமூன்று வீட்டுக்கும் கூறு போடுவார்கள். கிழக்குக் கோடி வீட்டில் தொடங்கி வரிசையாக, இலையில் கட்டி. தலை ஊர்த்தலைவருக்கு. குடல் எந்த வீட்டு முறையோ அந்த வீட்டுக்கு, அந்த வீட்டுப் பெண்தான் ஓடையில் அலசிக் கொண்டுவர வேண்டும். கூறு வாங்கிய வீடு யாரையும் காட்டிக்கொடுக்காது. எனக்கு முன்னால் இருந்த ஒரு கால்நடை மருத்துவர் ஒருமுறை எல்லா வீட்டுக் கறியையும் பிடுங்கி, மண்ணெண்ணெய் ஊற்றிக் குழியில் போட்டாராம். அன்றிலிருந்து எங்கள் வண்டிச் சத்தம் கேட்டாலே எல்லா ஆடும் புதைக்கப்பட்டுவிடும்.

நான் மண்ணைத் தோண்டவில்லை. ஊர்த்தலைவர் வீட்டுப் பின்பக்கம் போனேன். கவிழ்த்த கூடைக்கு அடியில், தீயில் வாட்டுவதற்காக வைத்திருந்த ஆட்டுத்தலை இருந்தது. மூக்கில் கறுத்த ரத்தம். செத்து இவ்வளவு நேரமாகியும் உறையாமல் கசிந்துகொண்டிருந்தது. இது வேறு ஆடு என்றார் அவர். சரிங்க என்று சொல்லிவிட்டுக் கையுறையை மாட்டி, காதிலிருந்து ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் எடுத்தேன். தலையைப் பைக்குள் போட்டு வாயை இறுக்கிக் கட்டினேன். கறி எதையும் தொடாதீர்கள், தொட்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள் என்றேன். கறியே இல்லையே என்றார்கள். திரும்பும் வழியில் ஓடைக்கரையில் ஒரு பெண் நின்றிருந்தாள். வயிறு நன்றாகத் தெரிந்தது, ஏழு மாதம் இருக்கும். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த அலுமினியக் குண்டானைத் தன் பின்னால் மறைத்தாள். முழங்கைக்குக் கீழே முள் கீறிய கோடுகள் புதிதாக இருந்தன. குண்டானில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மத்தியானம் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தேன். நீலச் சாயம் ஏறிய கழி போன்ற கிருமிகள் கணுக்கணுவாக வரிசையில் நின்றன, சுற்றிலும் இளஞ்சிவப்பு விளிம்பு. அடைப்பான் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள், ஆந்த்ராக்ஸ். மண்ணுக்குள் வருடக்கணக்கில் கிடந்து, மழைக்கு மேலே வந்து, மேய்கிற வாயில் ஏறும். செத்த ஆட்டை அறுத்தவர் கையில் கீறல் இருந்தால் அதன் வழியே மனிதருக்குள்ளும் போகும்.

ஆனாலும் ஆய்வகம் சொல்லாமல் உறுதியில்லை. என் வேலையை நான் குறைவில்லாமல் செய்தேன், அதில் யாரும் குற்றம் காண முடியாது. மாதிரியை அனுப்பினேன். தலையைச் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைத்தேன். தடுப்பூசி கேட்டு வாங்கிச் சுற்றிலும் ஆடு மாடுகளுக்குப் போட்டேன். கடிதமும் எழுதினேன். பொருள், பார்வை, உரிய வழியாக. மனிதருக்குப் பரவ வாய்ப்புள்ளதால் சுகாதாரத் துறைக்குத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்ளப்படுகிறது. நகல், கோட்ட அதிகாரிக்கு. செவ்வாய்க்கிழமை காலை ஆலங்காயம் பஸ்ஸில் அந்தக் கடிதம் மலையிறங்கிப் போனது. கீழே இரண்டு அலுவலகம் ஏறி, துறை மாறி, மறுபடி மலையேறி, சுவருக்கு அந்தப் பக்கம் போய்ச் சேர வேண்டும். டாக்டர் அன்று வராந்தாவில் நின்று பல்குச்சியால் பல்லைக் குத்திக்கொண்டிருந்தார். நான் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

அடுத்த திங்கட்கிழமை அந்தக் குண்டான் பெண் சுகாதார நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முழங்கைக்குக் கீழே துணி சுற்றியிருந்தது. சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து கையில் என்ன என்று கேட்டேன். முள்ளு கீறிச்சு என்று கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். எனக்குப் பொறி தட்டியது. பாதியைத்தான் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். உள்ளே போய் என் நாட்குறிப்பில் தேதி போட்டு எழுதினேன்: ஓடைக்கரைப் பெண், கையில் கட்டு, சந்தேகம். நான் செய்தது அவ்வளவுதான், ஒலி அடைத்துவைத்த அந்த வாட்ஸ்அப் குழுவைத் திறக்கக்கூட இல்லை. கடிதம்தான் போயிருக்கிறதே, வரட்டும் என்று இருந்துவிட்டேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் நடந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. என்னிடம் ஆட்டைப் புதைத்துவிட்டதாக ஊரே சொல்லியிருந்ததால், அவள் டாக்டரிடமும் அதே பேச்சைக் காப்பாற்றினாள். முள் கீறியது, ஆறவில்லை, காய்ச்சல் அடிக்கிறது. வலியில்லாத கறுப்புப் பொருக்கு. எங்கள் மலையில் அதைப் பார்த்தால் எந்த டாக்டருக்கும் உண்ணிக் காய்ச்சல்தான் முதலில் தோன்றும், அவ்வளவு சகஜம். வேறு யாருக்காவது என்றால் அதற்கு வழக்கமாகக் கொடுக்கிற மாத்திரை அடைப்பானையும் சேர்த்தே அடக்கியிருக்கும். இவள் கர்ப்பிணி. அந்த மாத்திரை ஆகாது என்று இன்னொன்றை எழுதினார். உண்ணிக் காய்ச்சலுக்கு அது சரியான மருந்து. அடைப்பானுக்கு அதை நம்ப முடியாது.

வியாழக்கிழமை அவளை டோலி கட்டித் தூக்கி வந்தார்கள். கை தோள் வரைக்கும் வீங்கி மினுமினுத்தது. ஆம்புலன்ஸ் வேலூருக்குக் கிளம்பிப் போன பிறகு டாக்டர் சுவரோரம் வந்து நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை.

"மேடம், அந்த ஊர்ல ஆடு மாடு ஏதாவது செத்துச்சா?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பத்து நாளாகப் பதில் இருந்தது. என் வாயிலிருந்து முதலில் வந்தது பதில் இல்லை.

"யார் கேக்கச் சொன்னாங்க?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். கோபமில்லை, புரியவில்லை. யாரும் சொல்லவில்லை, அந்தப் பெண்ணின் கை சரியாக இல்லை, அதனால்தான் கேட்கிறேன் என்றார். அப்போதுதான் சொன்னேன். ஆடு, காது, நீலக் கழிகள், ஓடை, குண்டான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவர் அங்கேயே நின்று வேலூருக்குப் போன் போட்டார். கத்திப் பேசுகிற ஆளில்லை, அன்று கத்தினார். ஆம்புலன்ஸ் போய்ச் சேரும் முன்பே மருந்து தயாராக இருந்ததாம். அவள் பிழைத்துக்கொண்டாள். வயிற்றுக் குழந்தை மூன்றாம் நாள் போய்விட்டது. ஆண் குழந்தை.

நடுவில் வெள்ளிக்கிழமை டாக்டர் ஒரு கடிதத்தை என் மேஜையில் கொண்டுவந்து வைத்தார். நான் எழுதியதுதான். மேலே நாலு முத்திரை, ஓரத்தில் ஐந்து கையெழுத்து. "உடன் நடவடிக்கைக்கு" என்று சிவப்பு மையில் யாரோ அடிக்கோடிட்டிருந்தார்கள். வைத்துவிட்டுத் தன் பக்கம் திரும்பிப் போய்விட்டார்.

அதற்கு அடுத்த வாரம் அதிகாரி மலையேறி வந்தார். நான் தயாராகத்தான் போனேன். கடித நகல், அனுப்பிய தேதி, தடுப்பூசிப் பதிவேடு, எல்லாம் பையில். பலிக்கு ஓர் ஆள் தேவைப்படும், அது நானாக இருக்கக் கூடாது. டாக்டரும் ஒரு கட்டோடு வந்திருந்தார். வனச்சரகரின் கட்டு எங்களுடையதைவிடத் தடியாக இருந்தது. வனத்துறைக்கு இதில் என்ன வேலை, எதற்கு இவ்வளவு காகிதம் என்று அப்போதே எனக்கு மூக்கில் வியர்த்தது.

அதிகாரி உட்கார்ந்ததும் தன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து வைத்தார். என் கடிதத்தின் நகல். "இது என் டேபிள்ல நாலு நாள் கிடந்துச்சு. நான் பிரிக்கல. முதல் தப்பு என்னுது, அப்படித்தான் மேலயும் எழுதியிருக்கேன்" என்றார். எழுதியதன் நகலையும் எங்கள் பக்கம் தள்ளினார். நான் அதை இரண்டு முறை படித்தேன். கையெழுத்து, தேதி, அனுப்பிய எண், எல்லாம் இருந்தது. இதில் என்ன சூது என்று தேடினேன், கிடைக்கவில்லை. பிறகு வனச்சரகர் தன் கட்டைப் பிரிக்காமலே ஒதுக்கிவைத்தார்.

சித்திரையில் ஓடையின் மேல்பக்கம் ஒரு மான் செத்துக் கிடந்ததாம். உடம்பில் காயமில்லை, மூக்கில் ரத்தம். முறைப்படி என்னை அழைத்து அறுத்துப் பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும். யாரோ சுட்டதாக நான் எழுதிவிட்டால் வேட்டையைத் தடுக்கவில்லை என்று விசாரணை வரும் என்று அவருக்குப் பயம். ஆட்களை வைத்துக் கரையிலேயே ஆழமில்லாமல் புதைத்துவிட்டார். அந்தம்மா எல்லாத்தையும் சந்தேகப்படறவங்க, அதான் கூப்பிடல என்று என்னைக் காட்டிச் சொன்னார். என்னால் மறுக்க முடியவில்லை. பிறகு டாக்டர் தன் மருந்துச் சீட்டைப் பற்றிச் சொன்னார். பிறகு நான். நாட்குறிப்பில் திங்கட்கிழமை எழுதிவைத்த வரியை வாசித்துக் காட்டினேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

மான், ஆடு, பெண் மூன்றும் ஒரே ஓடைக்கரை. மூன்று பேரிடம் ஆளுக்கொரு துண்டாக இருந்தது. இப்போது பயம் இருக்கிறதா என்று அதிகாரி கேட்கவில்லை. ஊரில் வேறு யார் யார் அந்த ஆட்டைத் தொட்டார்கள், இன்று சாயங்காலத்துக்குள் தெரிய வேண்டும் என்றார்.

நால்வரும் ஒரே ஜீப்பில் போனோம். ஊர் கூடியது, ஆனால் யாரும் வாய் திறக்கவில்லை. என் கையிலிருந்த பதிவேட்டைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். ஊர்த்தலைவர் அதிகாரியிடம், "பேரு எழுதிக்கினு போய் இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டார். அதிகாரி என் பதிவேட்டை வாங்கி ஜீப்புக்குள் போட்டுக் கதவைச் சாத்தினார். எந்த வழக்கும் வராது, வந்தால் என்மீது வரட்டும் என்றார். பிறகு மானைப் பற்றியும் தன் மேஜையில் கிடந்த கடிதத்தைப் பற்றியும், எங்கள் மூவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே, அவர்களிடம் சொன்னார். அதிகாரிகள் தங்கள் தப்பை ஊர் நடுவே நின்று சொல்லி நான் கேட்டதில்லை. அவர்களும் கேட்டதில்லை போலிருக்கிறது.

ஊர்த்தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். கிழக்குக் கோடி வீட்டிலிருந்து தொடங்கினார். யார் அறுத்தது, யார் தோலை உரித்தது, எந்த வீட்டுக்கு எந்தக் கூறு, யார் கொண்டுபோய்க் கொடுத்தது. இருபத்துமூன்று வீடும் வரிசை மாறாமல் வந்தது. நான் அலுவலகத்தில் எழுதியிருந்தால் அப்படி ஒரு பட்டியல் வந்திருக்காது. டாக்டர் வீடு வீடாகப் போனார். தோல் உரித்தவர் விரலிலும் இன்னொருவர் கழுத்திலும் அதே கறுப்புப் பொருக்கு இருந்தது. ஒருவர் வேட்டி மடிப்பிலும் இன்னொருவர் துண்டுக்கு அடியிலுமாக அதை மறைத்துத் திரிந்திருக்கிறார்கள். ஊர் முழுக்க மாத்திரை கொடுக்கப்பட்டது. வனச்சரகரின் ஆட்கள் மான் குழிமேல் சுண்ணாம்பு கொட்டி, அந்தக் கரையைச் சுற்றி வேலி போட்டார்கள். அதற்குப் பிறகு அங்கே யாரும் சாகவில்லை, ஆடும் சரி, ஆளும் சரி.

எங்கள் சுற்றுச்சுவரில் இப்போது ஒரு வழி இருக்கிறது. அதிகாரி உத்தரவு எதுவும் போடவில்லை, ஒருநாள் டாக்டரே ஆளை வைத்து உடைத்தார். அதன் வழியாகப் போனால் பதினெட்டு காலடி. தினமும் காலையில் போகிறேன். போகும்போதெல்லாம் இந்த மனுஷன் இதை எங்கே எழுதுவாரோ என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்கிறது. தோன்றினாலும் சொல்லிவிட்டு வருகிறேன்.

ஆவணியில் அந்தப் பெண் ஓர் ஆட்டுக்குட்டியைத் தடுப்பூசிக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள். முழங்கைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. நான் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தேன்.

"ஆடு செத்த அன்னிக்கே ஒங்களுக்குத் தெரியுமாங்க?"

"சந்தேகம் இருந்துச்சு."

"அந்தப் பக்கம் பெஞ்சுல குந்தினு இருந்தேனே, அன்னிக்கு?"

"அன்னிக்கும் இருந்துச்சு."

அவள் சுவரில் இருந்த வழியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை.

"நானும் ஒங்க மேல சந்தேகப்பட்டுத்தான் சொல்லாம வுட்டேன். ரெண்டு பேருமே சொல்லல, வுடுங்க" என்றாள்.

அவர்கள் ஊர் வழக்கப்படி அந்தத் தப்பையும் சமமாகக் கூறு போட்டு என் பங்கைக் கொடுத்துவிட்டாள். அவள் பயந்தது கறி போய்விடும் என்று. நான் பயந்தது ஒரு மெமோவுக்கு. அடைப்பான் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். இரண்டும் சமமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் குட்டியின் காதைப் பிடித்துக்கொண்டு போடுங்க என்றாள். போட்டேன்.